மண்மேட்டு அடிவாரப் புல்

இதைப் படிக்கப் போகிறவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்து கோட்டின் மேல் நிற்காது, ஏறி இறங்கிப் போகும். ல, ள, ழ மூன்றில் எது எங்கே வரும் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் சேர்ந்து கேட்டாலே எனக்குப் பேச்சு வராது. ஊரில் எல்லாரும் "அங்க என்னதான் பாத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வேலை இறால் பண்ணையில். இறால் வளர்க்கிற வேலை இல்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் இறால் குட்டைகளுக்கு அடியில் கருப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிப்பார்கள். ஒரு ஷீட்டின் ஓரத்தை இன்னொன்றின் மேல் ஏற்றி, சூடு கொடுத்து, தண்ணீர் கசியாமல் ஒட்டுகிற மெஷின் ஒன்று உண்டு. அதை ஓட்டுகிறவன் நான். என்னோடு வேலை செய்கிறவர் ஷேக் பாய், கோட்டைப்பட்டினத்துக்காரர். பல வருஷம் சவூதியில் இருந்தவர். அவருக்கு இந்தி தெரியும், சமாளிக்கிற அளவு இங்கிலீஷ் தெரியும். எனக்குத் தெரியாத எல்லாவற்றையும் அவர் பேசிவிடுவார்.

எங்கள் காண்ட்ராக்டர்தான் எங்கள் இரண்டு பேரையும் கிர்கிஸ்தான் என்ற நாட்டுக்கு அனுப்பினார். அங்கே மலைக்குள் ஒரு சின்ன ஊர். சோவியத் காலத்தில் அங்கே யுரேனியம் எடுத்திருக்கிறார்கள். பாறையை மாவாக அரைத்து, ஆசிட்டில் ஊறவைத்து, யுரேனியத்தை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்ச மண்ணை ஊருக்கு மேலே மேடாகக் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மழையும் பனித் தண்ணீரும் உள்ளே இறங்காதபடி அந்த மேட்டை ஷீட் போட்டு மூட வேண்டும். அதன் அடிவாரத்தில் கசிகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு குட்டை வெட்டி, அதற்கும் ஷீட் போட வேண்டும். இதுதான் வேலை.

விமானத்தை விட்டு இறங்கியதும் ஒரு வேனில் ஏற்றினார்கள். பதினைந்து பேர் போகிற வேனில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். அந்த விஷயத்தில் அறந்தாங்கி மினி பஸ்ஸில் போவது போலவே இருந்தது. ஆனால் ஒருவரும் பேசவில்லை, பாட்டும் இல்லை. மலை ஏறும்போது இஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ரோட்டோரம் முலாம்பழம் விற்ற ஒருவரிடம் தண்ணீர் கேட்டார். பழக்காரர் வாளி நிறையத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரு பழத்தை அறுத்து வேனில் இருந்த அத்தனை பேருக்கும் நீட்டினார். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பாய் என் பங்கையும் வாங்கிக்கொண்டார்.

"கூச்சப்பட்டா வயிறு காயும் மாப்ள. இந்த ஊர்ல நீ வெக்கப்படுற ஒவ்வொரு தடவையும் எனக்கு ரெண்டு பங்கு" என்றார்.

தங்குவதற்கு ஒரு வீட்டின் மாடியைக் கொடுத்திருந்தார்கள். சாப்பாடு நூடுல்ஸ் மாதிரி கையால் இழுத்த மாவு நூலும் ஆட்டுக்கறியும். காரமே கிடையாது. பெரிய தட்டு மாதிரி ரொட்டி. அதைக் கவிழ்த்து வைக்கக்கூடாது. நான் தெரியாமல் கவிழ்த்து வைத்தபோது வீட்டுக்காரர் திருப்பி வைத்தார். மூன்றாம் நாள் பாய் பொறுக்க முடியாமல், கொண்டுவந்திருந்த கருவாட்டை வறுத்தார். வீட்டுக்காரர் கீழே இருந்து ஓடி வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலையெல்லாம் திறந்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார்.

"என்ன தேடுறாரு?" என்று கேட்டேன்.

"எலி செத்துருச்சுன்னு நெனைக்கிறாரு" என்றார் பாய். வாயில் கருவாடு இருந்ததால் சத்தமாகச் சிரிக்க முடியவில்லை.

மேட்டுக்கு முதல் நாள் போனபோது சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள். நம் உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறது என்று அது கணக்கு வைக்குமாம். பாய் அதைக் காதில் வைத்துப் பார்த்தார். மேடு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நம் பக்கத்துக் கண்மாய்க் கரையைப் பத்துப் பங்கு உயர்த்தியது போல இருந்தது. செத்த மண். ஒரு பூண்டு முளைக்கவில்லை. ஆனால் அடிவாரத்தில் ஒரு மூலை மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது. மேட்டிலிருந்து கசிகிற தண்ணீர் அங்கேதான் வந்து பரவுகிறது. இடுப்பு உயரத்துக்குப் புல்லும், நம்ம ஊரில் மாட்டுக்குப் போடுகிற குதிரைமசால் போன்ற இலைப் பூண்டும். அந்த மலைக்காட்டில் வேறெங்கும் அப்படிப் பச்சை இல்லை. அந்த மூலையில்தான் குட்டை வெட்ட வேண்டும் என்று குறித்திருந்தார்கள்.

ஷீட் விரிக்க ஆரம்பித்த இரண்டாம் நாள் ஒரு பெண்மணி வந்தார். பெயர் கென்ஜே. என் வயதுதான் இருக்கும். தலையில் துணி கட்டியிருந்தார். கையில் என் உயரத்துக்கு ஒரு அரிவாள், நின்றபடியே வீசி அறுக்கிற மாதிரி. எங்களைப் பார்த்து வேகமாக ஏதோ பேசினார். அப்போது அங்கே இருந்தவர் ஐனூரா. தலைநகரத்திலிருந்து வந்து தண்ணீரையும் மண்ணையும் சோதிக்கிற ரசாயனம் படித்த பெண். அவர் இங்கிலீஷில் பாயிடம் சொன்னார், பாய் எனக்குச் சொன்னார்.

கென்ஜே கேட்டது இதுதான்: "அந்தப் பச்சை மூலையைக் கடைசியாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் புல்லை அறுத்துக்கொள்கிறேன். என் மாட்டுக்குக் குளிர்காலம் முழுவதும் அதுதான்."

அவருக்குப் புருஷன் இல்லை. மகன் ரஷ்யாவில் கட்டட வேலை. இருப்பது ஒரு மாடு. அந்த மாடும் சரியில்லை என்று பின்னால் தெரிந்தது.

"மேல இருந்துதான மாப்ள ஒட்டிக்கிட்டு எறங்குறோம். அடி மூலை எப்படியும் கடைசிலதான் வரும். இந்தம்மாவுக்கு நல்லது செஞ்ச பேரு நமக்குச் சும்மா வருது" என்றார் பாய். சரி என்று தலையை ஆட்டச் சொன்னார். ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் கென்ஜே எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் பாதிதான் ஊற்றினார். குடித்து முடித்ததும் மறுபடி பாதி. நான் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். பாய் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரரிடம் கேட்டுவந்து சொன்னார்: பாதி ஊற்றினால் இன்னும் இரு என்று அர்த்தம். நிறைய ஊற்றினால் கிளம்பு என்று அர்த்தம். நம் ஊரில் பாதி டம்ளர் காப்பி கொடுத்தால் சம்பந்தமே முறிந்துவிடும்.

அங்கேதான் மாட்டைப் பார்த்தேன். செவலை மாடாம். ஆனால் நிறம் வெளுத்து, பழைய காக்கிச் சட்டை மாதிரி ஆகியிருந்தது. இரண்டு கண்ணையும் சுற்றி நரைத்த வளையம், மூக்குக் கண்ணாடி போட்டது போல. வாலும் பின்தொடையும் ஒரே கழிச்சல். நடக்கும்போது காலை இழுத்து வைத்தது. ஊரில் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்களாம். கதிர் பட்டுவிட்டது என்றார்கள் சிலர். கண் பட்டுவிட்டது என்றார்கள் சிலர். பனிக்கு முன்னால் அறுத்துவிடு, கறியாவது மிஞ்சும் என்றார் அடுத்த வீட்டுக்காரர். கென்ஜே மாட்டேன் என்றுவிட்டார். நல்ல புல்லாகக் குளிர்காலம் முழுவதும் வயிறு நிறையப் போட்டால் தேறிவிடும் என்பது அவர் கணக்கு.

எனக்கும் அது சரியாகவே பட்டது. வீட்டில் எனக்கும் ஒரு மாடு இருக்கிறது.

வாரத்தில் ஒருநாள் வேலை கிடையாது. அன்று பாய் தூங்கினார். நான் சும்மா நடந்துபோனபோது கென்ஜே அந்த மூலையில் அறுத்துக் காயவைத்த புல்லை முற்றத்தில் ஒற்றை ஆளாகக் குவித்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுப் போக மனம் வரவில்லை. வாங்கி அடுக்க ஆரம்பித்தேன். வல்லத்திராக்கோட்டையில் என் மாமனார் வீட்டில் வைக்கோல் போர் போட்டுப் பழக்கம். அடியை அகலமாக்கி, நடுவை மிதித்து, மேலே கூம்பி முடித்தேன். அவர்கள் அங்கே கூரை மேல் பரப்பி வைப்பார்கள் போலிருக்கிறது. கென்ஜே என் போரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு தன் தலைத்துணியைக் காட்டி, போரின் உச்சியைக் காட்டி, இதற்கும் ஒன்று கட்டலாம் என்பது போலச் சைகை செய்து சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் டீ பாதிப் பாதியாக நாலு தடவை வந்தது.

அதற்கு நாலைந்து நாள் கழித்து ஐனூரா தலைநகரத்திலிருந்து திரும்பி வந்தார். வந்தவர் முகம் சரியில்லை. மேட்டடியில் நாங்கள் சாமான் வைத்திருந்த கொட்டகைக்கு வந்து பாயிடம் நெடுநேரம் பேசினார். நான் புரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். தப்பு இருந்தால் அது என் தப்பு.

அரைத்த பாறையில் யுரேனியம் மட்டும் இல்லை. ஈயம், துத்தநாகம், செம்பு, இன்னும் பேர் தெரியாத உலோகங்கள் எல்லாம் துளித்துளி இருக்கும். யுரேனியத்துக்காக ஊற்றிய ஆசிட் அத்தனையையும் கலக்கிவிட்டது. யுரேனியத்தை எடுத்துக்கொண்டவர்கள் மற்றதை எடுக்கவில்லை.

"நம்ம ஊர்ல இறாலை எடுத்துக்கிட்டு தலைய ரோட்டுல கொட்டிட்டுப் போற மாதிரி" என்று பாய் நடுவில் சொன்னார்.

முன்பெல்லாம் அடிவாரத்தில் கசிந்த தண்ணீர் துருப் பிடித்த நிறத்தில், புளித்த தண்ணீராக இருந்ததாம். ஒரு புல் முளைக்காது. சில வருஷத்துக்கு முன்னால் அதற்கு வைத்தியம் என்று சுண்ணாம்பு போட்டிருக்கிறார்கள். தண்ணீர் தெளிந்துவிட்டது. ஈயம், செம்பு எல்லாம் சேறாகி அடியில் உட்கார்ந்துவிட்டன. சோதித்துப் பார்த்து, தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அந்த மூலை பச்சையானது.

எனக்கு இதில் என்ன கோளாறு என்று புரியவில்லை. இறால் குட்டையில் நாங்கள் எதற்கும் சுண்ணாம்புதான் போடுவோம். குட்டை புளித்தால் சுண்ணாம்பு, இறால் சோர்ந்தால் சுண்ணாம்பு, முதலாளிக்கு மனசு சரியில்லை என்றாலும் சுண்ணாம்பு. அதைப் பாயிடம் சொன்னேன், பாய் அவரிடம் சொன்னார்.

ஐனூரா தலையை அசைத்தார். "நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எல்லா உலோகமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. மாலிப்டினம் என்று ஒன்று இருக்கிறது. புளிப்பில் அது துரு மண்ணைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கும். சுண்ணாம்பு போட்டால் மற்றவை உட்காரும், இது எழுந்துவிடும். நிறமில்லை, வாசமில்லை. தெளிந்த தண்ணீரோடு போகும். அந்த இலைப் பூண்டு அதை ஆசையாக உறிஞ்சும்."

"தின்னா சாவுமா?" என்று பாய் கேட்டார்.

"புல்லுக்கு ஒன்றும் ஆகாது. மாட்டின் வயிற்றில் போய் அது செம்பைக் கட்டிப்போட்டுவிடும். உடம்புக்குக் கொஞ்சம் செம்பு வேண்டும். அது இல்லாவிட்டால் முடி வெளுக்கும், கழியும், எலும்பு தளரும்." பிறகு சொன்னார்: "முன்பு சோதித்தபோது மேலதிகாரிகள் கேட்ட உலோகங்களைத்தான் பார்த்தோம். இதைக் கேட்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. இந்தத் தடவை புல்லையும் எடுத்துப்போனேன். புல்லில் நிறைய இருக்கிறது."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூரத்தில் கென்ஜே வீட்டு முற்றத்தில் நான் போட்ட போர் தெரிந்தது. அந்த ஊரிலேயே அப்படி உருவத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

மூன்று பேரும் போனோம். ஐனூரா அவர்கள் பாஷையில் சொல்லச் சொல்ல கென்ஜே கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார். பாய்க்கு ஐனூராவே இங்கிலீஷில் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது, தன்னைப் பற்றிய பேச்சையே.

"போன தடவை தண்ணீர் நல்லது என்று சொன்னதும் நீதான். இதே இடத்தில் நின்று சொன்னாய். இப்போது புல் கெட்டது என்கிறாய். அடுத்த வருஷம் வந்து என்ன சொல்வாய்? அதுவரை என் மாடு எதைத் தின்னும்?"

ஐனூராவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள்.

அப்போது கென்ஜே என் பக்கம் திரும்பினார். ஏதோ கேட்டார். என்னைத்தான் கேட்கிறார் என்று எல்லாரும் என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஐனூரா சொல்ல, பாய் என் காதருகில் வந்து சொன்னார்.

"ஒனக்கு மாடு இருக்கான்னு கேக்குறாங்க. இருந்தா, நீ அடுக்குன இந்தப் புல்லை ஒன் மாட்டுக்குப் போடுவியான்னு கேக்குறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நான் பதில் சொல்ல முடியாது மாப்ள. ஒன்னையத்தான் கேக்குறாங்க" என்றார்.

சுற்றிலும் ஆட்கள், பத்துப் பன்னிரண்டு பேர். நான் படித்தவன் இல்லை. அந்த உலோகத்தின் பெயரையே பாய் இரண்டு தடவை சொல்லித்தான் மனதில் நின்றது. ஆனால் மேய்ச்சலுக்கு மலை மேலே போகிற அடுத்த வீட்டு மாட்டை நான் தினமும் வேலைக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். அதே ஜாதி. செங்கல் நிறத்தில் மின்னும். அந்த மாடு பச்சை மூலைக்கு வருவதில்லை.

"போட மாட்டேங்க" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். "எங்க வீட்டு மாட்டுக்குப் போட மாட்டேன். நானே போட்ட போருதான். இருந்தாலும் போட மாட்டேன்."

பாயும் ஐனூராவும் அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை கென்ஜே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போரின் அருகே போய் உச்சியைப் பிடித்து இழுத்தார். நான் அழுத்தி மிதித்த போர், சுலபமாக வரவில்லை. நானும் போய் இழுத்தேன்.

எரித்துவிடலாம் என்றார் அடுத்த வீட்டுக்காரர். எரித்தால் சாம்பலில் அதே உலோகம் இருக்கும், காற்றில் பறக்கும் என்றார் ஐனூரா. மேட்டுக்குள்ளேயே புதைத்து, மேலே களிமண் போட்டு மூடிவிடலாம் என்றார். பாய்க்கு அது பிடிக்கவில்லை.

"புல்லு அழுகுனா காத்து கெளம்பும், ஷீட்டு ஊதிக்கிட்டு மேல வந்துரும். நாளைக்கு நம்ம ஒட்டுனதுதான் சரியில்லன்னு சொல்லுவாங்க" என்றார். இறால் குட்டைகளில் நாங்கள் அதைப் பார்த்திருக்கிறோம். அதனால் ஆழமாகத் தோண்டி, அந்தக் காற்று வெளியே போக ஒரு குழாய் வைப்பது என்று முடிவானது. காற்றுப் படாமல் அழுகுகிற சேற்றில் அந்த மாலிப்டினம் மறுபடி அடங்கிக் கிடக்கும் என்று ஐனூரா சொன்னார். ஒன்றுக்கு ஆகாதது இன்னொன்றுக்கு மருந்தாக இருப்பதை அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது.

அடுத்த நாள் பொக்லைன் வைத்துக் குழி தோண்டினார்கள். கென்ஜே ஒரு புல்லுக்கட்டையும் அடுத்தவர் கையில் கொடுக்கவில்லை. தானே தூக்கிவந்து தானே போட்டார். கடைசிக் கட்டைப் போட்டபின் உடையில் ஒட்டியிருந்த துரும்பையும் தட்டிவிட்டார். களிமண் விழுந்தது. நான் மெஷினைச் சூடாக்கினேன். அந்தக் குழிக்கு மேலே ஒட்டும்போது மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினேன். பாய் அவசரப்படுத்தவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் தலையில் பெரிய வேலை விழுந்தால் கேட்காமலேயே மற்றவர்கள் வந்து தோள் கொடுப்பார்கள். அஷார் என்கிறார்கள். மறுநாள் காலையில் கென்ஜே முற்றத்தில் மலைப்புல் கட்டுகள் கிடந்தன. எல்லா வீட்டிலிருந்தும் வரவில்லை. மாட்டை அறுத்துவிடு என்று சொன்ன அடுத்த வீட்டுக்காரர்தான் அதிகம் கொண்டுவந்து போட்டிருந்தார். குளிர்காலம் முழுவதற்கும் போதாது என்பது பார்த்தாலே தெரிந்தது. பாதிக்கு வரலாம். மாட்டு டாக்டர் ஒருவர் வந்து செம்பு மருந்து ஊசி போட்டார். ஐனூரா கூடவே நின்று மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டார். கென்ஜே அவரோடு பேசவில்லை. ஆனால் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடிவாரக் குட்டைக்கும் ஷீட் போட்டு முடித்தோம். நாங்கள் கிளம்பிய காலையில் வேன் வாசலில் நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ளப் போனோம். கென்ஜே டீ கொடுத்தார். கிண்ணம் நிறைய ஊற்றினார். நேரமாகிவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

மாடு முற்றத்தில் நின்றது. முன்னால் மலைப்புல் கிடந்தது. குனிந்து மோந்தது, திரும்பிக்கொண்டது. மேட்டு மூலைப் பக்கம் மூக்கைத் தூக்கி ஒரு தடவை கத்தியது. இத்தனை நாள் தின்ற ருசி அது. கென்ஜே புல்லைக் கையால் உதறி, கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளித்து மறுபடி வைத்தார். மாடு தொடவில்லை. கென்ஜே கீழே உட்கார்ந்துவிட்டார்.

வேன்காரர் ஹாரன் அடித்தார். "வா மாப்ள, பிளைட்டுப் போயிரும்" என்றார் பாய். ஆனால் அவரும் நகரவில்லை.

மறுபடி ஹாரன். மாடு காலை மாற்றி வைத்தது. நாக்கை நீட்டி ஒரு பிடியைச் சுழற்றி இழுத்தது. நிறுத்தியது. பிறகு மென்றது. இன்னொரு பிடி எடுத்தது. கென்ஜே நிமிர்ந்து எங்களைப் பார்த்து, போங்கள் என்று கையைக் காட்டினார். அதற்கப்புறம்தான் நாங்கள் வேனில் ஏறினோம்.

இதை நான் எழுதி முடித்தது கார்த்திகை மாதம் பதினோராம் தேதி, மழை விட்ட ஒரு சாயங்காலம்.